நடுவில் நிற்பவரிடம் கேட்க வேண்டிய கேள்விகள்



கணவனும் மனைவியும் பிணங்கி, இனித் தாங்களாகத் தீர்த்துக்கொள்ள இயலாது என்ற கட்டம் வந்துவிட்டால் என்ன செய்வது என்பதற்கு மார்க்கம் நமக்கு ஒரு வழி வைத்திருக்கிறது. அவன் குடும்பத்திலிருந்து ஒருவர், அவள் குடும்பத்திலிருந்து ஒருவர் என இரண்டு நடுவர்கள் அமர வேண்டும். இணக்கம் உண்டாக்கும் எண்ணத்தோடு அமர வேண்டும். நம் ஊர்களில் இதை நீங்கள் எத்தனையோ தடவை கண்டிருப்பீர்கள். நடுவர் நல்லவராக அமைந்தால் உடையவிருந்த குடும்பம் தப்பிவிடுகிறது. அவரே ஒரு பக்கம் சாய்ந்துவிட்டால் பழைய சண்டையோடு புதிய சண்டை ஒன்றும் வீட்டுக்குள் வந்துவிடுகிறது. இதில் இன்னொன்றும் உண்டு. பேச்சு முழுவதும் கணவனையும் மனைவியையும் பற்றியே நடக்கும். அடுத்த அறையில் விழித்துக் கிடக்கும் பிள்ளைகளை எவரும் கூப்பிட்டுக் கேட்பதில்லை.

நாடுகளின் சண்டையும் இப்படித்தான். உள்நாட்டு யுத்தத்தால் களைத்துப்போன நாட்டில் வெளியார் வந்து நடுவில் நிற்பதை அமைதிகாப்பு என்கிறோம். ஐக்கிய நாடுகள் சபை 1948ஆம் ஆண்டு முதல் இந்தப் பணியைச் செய்து வருகிறது. 1956இல் சுயெஸ் நெருக்கடியின்போது எகிப்துக்கு அனுப்பப்பட்ட படையினர்தாம் முதன்முதலில் நீலத் தலைக்கவசம் அணிந்தவர்கள். அந்தப் பணிக்கு மூன்று நிபந்தனைகள் உண்டு. சண்டையிடும் தரப்பினர் சம்மதிக்க வேண்டும். வருபவர் பாரபட்சம் காட்டக் கூடாது. தம்மைக் காக்கவும், ஒப்படைக்கப்பட்ட பணியைக் காக்கவும் அன்றி ஆயுதத்தைக் கையாளக் கூடாது. இப்பணியில் இன்றுவரை நாலாயிரத்துக்கும் அதிகமானோர் உயிர் நீத்திருக்கிறார்கள். 1988இல் இவர்களுக்கு நோபல் சமாதானப் பரிசு வழங்கப்பட்டது.

நமது இலங்கைக்கு நீலத் தலைக்கவசம் அணிந்த படை ஒருபோதும் வரவில்லை. ஆனாலும் இரண்டு தடவை வெளியார் வந்து நமக்கு நடுவில் நின்றார்கள். 1987இல் இந்தியா துப்பாக்கியோடு வந்தது. 2002இல் நோர்வேயும் அதன் அயல்நாடுகளும் வெறுங்கையோடு வந்தன. அந்த இரண்டு அனுபவங்களிலும் நம் சமூகத்துக்கு ஒரு பாடம் இருக்கிறது. அதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறோமா என்று கேட்டால் இல்லை என்றுதான் தோன்றுகிறது.

நடுவராக வந்தவர் கட்சிக்காரரானார்

1987 ஜூலை 29ஆம் திகதி கொழும்பில் ஜனாதிபதி ஜே.ஆர். ஜயவர்தனவும் இந்தியப் பிரதமர் ராஜீவ் காந்தியும் ஓர் ஒப்பந்தத்தில் ஒப்பமிட்டார்கள். மறுநாள் ராஜீவ் காந்திக்கு அளிக்கப்பட்ட அணிவகுப்பு மரியாதையிலேயே நம் கடற்படைச் சிப்பாய் ஒருவர் துப்பாக்கியைத் திருப்பி அவரை அடித்தார். ஒப்பந்தத்தின் மை காயும் முன்னரே இந்த நிலை. இந்திய அமைதிகாக்கும் படை யாழ்ப்பாணத்தில் வந்திறங்கியபோது தமிழ் மக்கள் மாலை போட்டு வரவேற்றார்கள் என்பதும் உண்மைதான். பல்லாண்டு குண்டு வீச்சுக்கு முடிவு வந்துவிட்டது என்று அந்தத் தாய்மார் நம்பினார்கள்.

அந்த நம்பிக்கை மூன்று மாதம்கூட நிலைக்கவில்லை. ஒக்டோபர் 10ஆம் திகதி அந்தப் படைக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையே யுத்தம் மூண்டது. ஆயுதங்களைக் களைய வந்த படை, ஆயுதத்தோடு மோதும் படையாக மாறியது. அதே மாதம் 21ஆம் திகதி, தீபாவளி நாளில், யாழ்ப்பாண வைத்தியசாலைக்குள் நுழைந்த இந்தியப் படையினரின் கைகளால் நோயாளிகளும் வைத்தியர்களும் தாதியரும் ஊழியர்களுமாக அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அந்தத் தாய்மாருக்கு முறையிட ஓரிடம் இருக்கவில்லை. இலங்கை அரசிடம் போனால் அது இந்தியாவின் படை என்பார்கள். இந்தியாவிடம் போக வழியே இல்லை. மறுபக்கத்தில், எதற்காகச் சாகிறோம் என்று அறியாமலேயே சுமார் 1,200 இந்தியச் சிப்பாய்கள் நம் மண்ணில் உயிரிழந்தார்கள். அவர்களுக்கும் தாய்மார் இருந்தார்கள்.

வடக்கில் நடந்ததற்கும் நம் மலைநாட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று நினைத்துவிட வேண்டாம். அந்நியப் படை வந்துவிட்டது என்ற கோபத்தைத் தீயாக மூட்டித்தான் தெற்கில் ஜே.வி.பி. தன் இரண்டாவது கிளர்ச்சியை நடத்தியது. இந்தியப் பொருட்களை விற்கக் கூடாது என்று கடைகளுக்குக் கட்டளை வந்தது. பம்பாய் வெங்காயமும் மைசூர்ப் பருப்பும் மறைத்து விற்க வேண்டிய சரக்குகளாயின. கடை மூடு என்றால் மூட வேண்டும். மூடினால் திற என்று அடுத்த தரப்பு வந்து நிற்கும். 1989இல் மகாவலியில் மிதந்து வந்த பிரேதங்களைக் கண்ணால் கண்டவர்கள் கட்டுகஸ்தோட்டையிலும் பேராதனையிலும் இன்றும் இருக்கிறார்கள். நடுவர் ஒருவரை ஒரு தரப்பு ஏற்று, மற்றத் தரப்பு ஏற்காத வேளையில் அவர் நிற்கும் இடம் மட்டுமன்றி, அவர் நிற்காத இடமும் எரியும் என்பதை நாம் அப்போது கண்டோம்.

கண்டிக்கு இது முதல் அனுபவமும் அல்ல. 1915 மே மாத இறுதியில் கண்டியில் மூண்ட சிங்கள - முஸ்லிம் கலவரத்தை அடக்க ஆங்கிலேயர் இராணுவச் சட்டம் பிறப்பித்து, பஞ்சாப் சிப்பாய்களை இறக்கினார்கள். கலவரம் அடங்கியது. நம் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டது உண்மை. அதன்பின் விசாரணையின்றிச் சிங்களவர் சுடப்பட்டதும் உண்மை. துப்பாக்கியால் வந்த அமைதி, நமக்கும் அயலவருக்கும் இடையே இருந்த மனக்கசப்பைப் பெருக்கிவிட்டுத்தான் போனது.

அழைக்கப்படாதவர்கள்

இனி அடுத்த அறையில் விழித்துக் கிடந்த பிள்ளைகளிடம் வருவோம்.

1987 ஒப்பந்தம் வடக்கையும் கிழக்கையும் தற்காலிகமாக ஒன்றாக இணைத்தது. கிழக்கில் மூன்றில் ஒரு பங்கினராக இருந்த முஸ்லிம்கள் அந்த இணைப்பினால் ஒரேயடியாகச் சிறுபான்மைக்குள் சிறுபான்மையானார்கள். அவர்களை எவரும் கேட்கவில்லை. ஒப்பந்தம் இரண்டு அரசுகளுக்கு இடையில் நடந்தது. காவல் நின்ற படையும் அந்த ஒப்பந்தத்தைத்தான் காவல் காத்தது.

படை போன பிறகு என்ன நடந்தது என்பதைக் கவனியுங்கள். 1990 மார்ச் 24ஆம் திகதி கடைசி இந்தியச் சிப்பாயும் திருகோணமலையிலிருந்து கப்பலேறினார். ஜூன் மாதம் யுத்தம் மீண்டும் தொடங்கியது. கிழக்கில் சரணடைந்த நூற்றுக்கணக்கான சிங்கள, முஸ்லிம் பொலிஸார் கொல்லப்பட்டனர். ஒகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடியின் இரண்டு பள்ளிவாசல்களில் இஷாத் தொழுகையில் நின்றவர்கள் நூற்றுக்கும் மேற்பட்டோர் புலிகளால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவர்களில் சிறுவர்களும் இருந்தார்கள். பத்து நாள் ஆவதற்குள் ஏறாவூரில் இரவு நேரத்தில் பெண்கள், குழந்தைகள் உட்பட நூற்றுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். ஒக்டோபரில் வட மாகாண முஸ்லிம்கள் அனைவரும், ஏறத்தாழ 70,000 பேருக்கும் அதிகமானோர், விரட்டப்பட்டார்கள். யாழ்ப்பாண நகரில் கொடுத்த அவகாசம் இரண்டு மணி நேரம். பெண்களின் காதில் கிடந்த நகையைக்கூடக் கழற்றி வைத்துவிட்டுப் போகச் சொன்னார்கள்.

ஏழே மாதம்! மார்ச்சுக்கும் ஒக்டோபருக்கும் இடையில் ஏழே மாதம். நடுவில் நின்றவர் போகும்போது, பலவீனமானவருக்கு எந்தக் காப்பையும் விட்டுச் செல்லவில்லை. அவரது பணிப்பட்டியலில் அந்தப் பலவீனமானவரின் பெயரே இருக்கவில்லை என்பதுதான் காரணம்.

இந்த வரலாற்றைச் சொல்லும்போது இன்னொரு பக்கத்தையும் மறைக்கலாகாது. அதே 1990 ஒகஸ்ட் மாதம் அம்பாறை மாவட்டத்து வீரமுனையில், கோயிலில் தஞ்சம் புகுந்திருந்த தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். அதில் முஸ்லிம் ஊர்காவல் படையினருக்கும் பங்கு இருந்ததாகத் தப்பிப் பிழைத்தவர்கள் சாட்சி சொல்லியிருக்கிறார்கள். காத்தான்குடியின் மையித்துகளை மட்டும் எண்ணி, வீரமுனையின் பிரேதங்களை எண்ணாமல் விட்டால் நாம் நீதியைப் பற்றிப் பேசவில்லை, கணக்குப் பார்க்கிறோம். நமக்காக நீதி கேட்கும் நாக்கு, நமக்கு எதிராகவும் உண்மை பேசப் பழக வேண்டும்.

வெறுங்கையோடு வந்தவர்கள்

2002 பெப்ரவரி 22ஆம் திகதி பிரதமர் ரணில் விக்கிரமசிங்கவும் புலிகளின் தலைவர் பிரபாகரனும் யுத்த நிறுத்த உடன்படிக்கையில் ஒப்பமிட்டார்கள். அதைக் கவனிக்க நோர்வே, சுவீடன், டென்மார்க், பின்லாந்து, ஐஸ்லாந்து ஆகிய ஐந்து நாட்டவர் அடங்கிய கண்காணிப்புக் குழு வந்தது. ஒரு கைத்துப்பாக்கிகூட அவர்களிடம் இல்லை. வெள்ளை வாகனங்களில் போய்ப் பார்ப்பார்கள், முறைப்பாடு எழுதிக்கொள்வார்கள், யார் உடன்படிக்கையை மீறினார்கள் என்று தீர்ப்புச் சொல்வார்கள். யாழ்ப்பாணம், மன்னார், வவுனியா, திருகோணமலை, மட்டக்களப்பு, அம்பாறை ஆகிய இடங்களில் அவர்களுக்கு அலுவலகங்கள் இருந்தன.

அதனால் பயன் இல்லாமல் இல்லை. ஆயிரக்கணக்கான முறைப்பாடுகள் பதிவாகின. அவற்றில், பிள்ளைகளைப் படைக்குப் பிடித்துச் சென்றது பற்றியவை ஏராளம். தன் மகளைக் கொண்டுபோய்விட்டார்கள் என்று ஒரு தாய் போய்ச் சொல்வதற்கு ஒரு கதவு இருந்தது என்பதே அந்நாளில் பெரிய விஷயம். கண்டி - யாழ்ப்பாண வீதியாகிய ஏ9 திறந்தது. பிரிந்திருந்த எத்தனையோ குடும்பங்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன.

ஆனால் இந்தத் தடவையும் ஒப்பந்தத்தில் இரண்டே கையொப்பங்கள். முஸ்லிம்கள் மூன்றாவது தரப்பாக அமர இடம் கிடைக்கவில்லை. முஸ்லிம் காங்கிரஸ் தலைவர் ரவூப் ஹக்கீம் 2002 ஏப்ரல் 13ஆம் திகதி பிரபாகரனைச் சந்தித்து, வடக்கு முஸ்லிம்கள் திரும்பிச் செல்வது, கிழக்கில் முஸ்லிம்களிடம் வரி அறவிடுவதை நிறுத்துவது போன்ற விடயங்களில் ஓர் உடன்பாடு கண்டார். இரண்டு மாதம் கழித்து ஜூனில் மூதூரிலும் வாழைச்சேனையிலும் தமிழர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் இடையே கலவரம் மூண்டது. பின்னர் தாய்லாந்தில் தொடங்கிய பேச்சுவார்த்தைகளில் ஹக்கீம் அரச தூதுக்குழுவின் ஓர் உறுப்பினராகத்தான் அமர முடிந்தது.

உடன்படிக்கையில் இரண்டு தரப்பே இருந்ததால் கண்காணிப்பாளர்களின் பார்வையும் முதலில் அந்த இரண்டு தரப்பின் மீதே பதிந்தது. மூதூர் விவசாயி தன் வயலுக்குப் போக அஞ்சுவதும், ஓட்டமாவடி வியாபாரி கப்பம் கட்டுவதும் உடன்படிக்கையின் ஓரத்தில் எழுதப்பட்ட சிறு குறிப்புப் போல ஆயின.

2006இல் எல்லாம் சரிந்தது. ஐரோப்பிய ஒன்றியம் புலிகளைத் தடை செய்ததும், ஒன்றிய நாட்டவர்களான சுவீடன், டென்மார்க், பின்லாந்துக் கண்காணிப்பாளர்கள் வெளியேற வேண்டுமென்று புலிகள் கெடு வைத்தார்கள். அவர்கள் போனார்கள். அதே ஒகஸ்டில் மூதூருக்குள் யுத்தம் நுழைந்து, பல்லாயிரம் முஸ்லிம்கள் கால்நடையாகக் கந்தளாய்க்கு ஓடி வந்தார்கள். அந்நாட்களில்தான் மூதூரில் 17 தொண்டுப் பணியாளர்கள் வரிசையாகச் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அந்தக் கொலைக்கு அரச படையினரே பொறுப்பு என்று கண்காணிப்புக் குழு தீர்ப்புச் சொன்னது; அரசு அதை மறுத்தது. தீர்ப்பு காகிதத்தில் இருக்கிறது. தண்டிக்கப்பட்டவர் எவருமில்லை. 2008 ஜனவரியில் அரசு உடன்படிக்கையிலிருந்து விலகியது. எஞ்சியிருந்த கண்காணிப்பாளர்களும் விமானமேறினார்கள். 2009 மே மாதம் வரை நடந்த இறுதி யுத்தத்தில் தமிழ் மக்கள் பட்ட பாட்டை, நடுவில் நின்று பார்க்க எவரும் இருக்கவில்லை.

துப்பாக்கி இருந்தால் போதுமா?

அவர்கள் கையில் ஆயுதம் இருந்திருந்தால் கதை வேறாகியிருக்கும் என்று சிலர் சொல்லக்கூடும். பொஸ்னியாவைப் பாருங்கள். ஸ்ரெப்ரெனிகா என்ற ஊரைப் பாதுகாப்பு வலயம் என்று ஐ.நா. பாதுகாப்புச் சபை 1993 ஏப்ரலில் அறிவித்தது. அதை நம்பிச் சுற்று வட்டாரத்து முஸ்லிம்கள் எல்லாம் அங்கே வந்து குவிந்தார்கள். காவலுக்கு இருந்த நெதர்லாந்துச் சிப்பாய்கள் சில நூறு பேர்தான். பாரமான ஆயுதங்களும் இல்லை. 1995 ஜூலை 11ஆம் திகதி சேர்பியப் படை ஊருக்குள் புகுந்தது. நீலக் கவசக்காரர்களின் கண்ணெதிரே ஆண்களும் சிறுவர்களும் தனியாகப் பிரித்து எடுக்கப்பட்டார்கள். சில நாட்களில் 8,000 பேருக்கும் அதிகமானோர் கொல்லப்பட்டார்கள்.

இங்கே பெண்களை நினைவுகூர வேண்டும். அந்தத் தாய்மார்களும் விதவைகளும் அழுது ஓய்ந்துவிடவில்லை. ஆண்டுக்கணக்காக நீதிமன்றப் படி ஏறினார்கள். 2002இல் இது பற்றிய அறிக்கை வெளியானபோது நெதர்லாந்து அரசாங்கமே பதவி விலகியது. 2019இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம், தம் முகாமிலிருந்து வெளியே அனுப்பப்பட்ட 350 ஆண்களின் மரணத்தில் நெதர்லாந்துக்கும் ஒரு சிறு பங்கு பொறுப்பு உண்டு என்று தீர்ப்பளித்தது. காப்பேன் என்று வாக்குக் கொடுத்தவன் காக்காவிட்டால் கேள்வி கேட்கலாம் என்பதை உலகத்துக்கு நிரூபித்தவர்கள் அந்தப் பெண்கள்.

நம் நாட்டவர் நடுவரானபோது

பிறரைப் பற்றிப் பேசுவது எளிது. நம் நாட்டுச் சிப்பாய்களும் நீலக் கவசம் அணிந்து போயிருக்கிறார்கள். 2004இலிருந்து கரீபியன் கடலிலுள்ள ஹெய்ட்டி என்ற ஏழை நாட்டில் ஏறத்தாழ ஆயிரம் பேர் கொண்ட இலங்கைப் படைப்பிரிவு பணியாற்றியது. 2007 நவம்பரில் அவர்களில் நூறு பேருக்கும் மேற்பட்டோர் திருப்பி அனுப்பப்பட்டார்கள். பசித்திருந்த பெண்களையும் பராயமடையாத பிள்ளைகளையும் அவர்கள் பாலியல் ரீதியாகச் சீரழித்தார்கள் என்பதே குற்றச்சாட்டு. 2017இல் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் இதை ஆராய்ந்து எழுதியபோது, இதற்காக ஒருவர்கூடச் சிறை செல்லவில்லை என்று குறிப்பிட்டது.

இதற்கு ஒரு காரணம் இருக்கிறது. ஐ.நா. படையில் பணியாற்றும் சிப்பாய் குற்றம் செய்தால் அவரை விசாரித்துத் தண்டிக்கும் அதிகாரம் அவரை அனுப்பிய நாட்டுக்குத்தான் உண்டு. ஐ.நா.வால் அவரைத் திருப்பி அனுப்ப முடியும், அவ்வளவுதான். அனுப்பிய நாடு மூடி மறைத்தால் விடயம் முடிந்தது. ஒரு பிடிச் சோற்றுக்காகச் சீரழிக்கப்பட்ட அந்தப் பிள்ளை எந்த நீதிமன்றத்துக்குப் போவாள்? யாழ்ப்பாண வைத்தியசாலைத் தாய்மாருக்கு இருந்த அதே அடைந்த கதவுதான் அவளுக்கும். 1987இல் நமக்கு நடந்ததை, இருபது ஆண்டு கழித்து நம்மவர்களே வேறொரு நாட்டுக்குச் செய்தார்கள்.

நடுவில் நிற்பது ஓர் அமானிதம். அதை ஏற்பவர் எந்த நாட்டவர், எந்தக் கொடியின் கீழ் வந்தவர் என்பதெல்லாம் பிறகுதான். அந்த அமானிதத்துக்கு அவர் துரோகம் செய்தால் முறையிட ஓரிடம் இருக்கிறதா என்பதே முதல் கேள்வியாக இருக்க வேண்டும்.

பலன் தந்த இடமும் உண்டு

அப்படியானால் நடுவரே வேண்டாமா? அப்படி முடிவு கட்டுவதும் சரியல்ல. மேற்கு ஆபிரிக்காவிலுள்ள லைபீரியாவைப் பாருங்கள். 1989 முதல் 2003 வரை இடையிடையே நின்று நின்று நடந்த உள்நாட்டு யுத்தத்தால் அந்நாடு சிதைந்து கிடந்தது. 2003இல் தலைநகர் மொன்ரோவியாவின் மீன் சந்தைக்கு அருகே கிறிஸ்தவப் பெண்களும் முஸ்லிம் பெண்களும் வெள்ளை உடை அணிந்து, வெயிலிலும் மழையிலும் நாள்தோறும் அமர்ந்தார்கள். லேமா குபோவீ என்ற கிறிஸ்தவப் பெண்மணியும், அசாட்டு பா கென்னத் என்ற முஸ்லிம் பெண்மணியும் அவர்களை வழிநடத்தினார்கள். அயல் நாடான கானாவில் நடந்த பேச்சுவார்த்தை இழுபட்டபோது, மண்டபத்தின் வாசலிலேயே அமர்ந்து, முடிவு காணாமல் வெளியே விடமாட்டோம் என்று மறித்தார்கள். 2003 ஒகஸ்ட் 18ஆம் திகதி உடன்படிக்கை ஒப்பமாயிற்று.

அதன் பின்னர்தான் ஐ.நா. படை வந்தது. சுமார் 15,000 சிப்பாய்கள். ஆயுதங்களைச் சேகரித்தார்கள், தேர்தலுக்குக் காவல் நின்றார்கள். 2007இலிருந்து இந்தியா அனுப்பிய, பெண்கள் மட்டுமே கொண்ட பொலிஸ் பிரிவு மொன்ரோவியா வீதிகளில் இரவுக் காவல் செய்தது. ஆண் சிப்பாயிடம் சொல்லக் கூசிய கொடுமைகளை ஊர்ப் பெண்கள் அவர்களிடம் வந்து சொன்னார்கள். உள்ளூர்ப் பெண்கள் பொலிஸில் சேரவும் அது தூண்டுகோலாக இருந்தது. 2018 மார்ச்சில் ஐ.நா. படை விடைபெற்றுப் போனது. லைபீரியாவில் வறுமையும் குறைகளும் நிறைய உண்டு. ஆனால் படை போன மறு மாதமே யுத்தம் திரும்பி வரவில்லை.

என்ன வித்தியாசம்? அங்கே சமாதானத்தை முதலில் கேட்டவர்கள் அந்த மண்ணின் பெண்கள். அதைக் காக்க வந்தவர் பின்னால் வந்தார். காவலர் போன பின்னும் கேட்டவர்கள் அங்கேயே இருந்தார்கள். யுத்தத்தைத் தீர்க்கும் பேச்சுகளில் பெண்களுக்கு இடம் வேண்டும் என்று ஐ.நா. பாதுகாப்புச் சபை 2000 ஒக்டோபர் 31ஆம் திகதி 1325ஆம் இலக்கத் தீர்மானத்தை நிறைவேற்றியது. யாழ்ப்பாணத்து முஸ்லிம் பெண்கள் கையில் ஒரு பையோடு வெளியேறிப் பத்து ஆண்டும் ஒரு நாளும் கழிந்திருந்தன. அந்தத் தீர்மானத்துக்கு உயிர் கொடுத்துக் காட்டியவர்கள் இந்தப் பெண்கள்.

நம் ஊர் வாசலில்

இவ்வளவும் எங்கோ நடந்தது என்று பத்திரிகையை மூடிவிடாதீர்கள். 2018 மார்ச் மாதத்தை நாம் மறக்க முடியுமா? தெல்தெனியவில் முஸ்லிம் இளைஞர் சிலர் தாக்கியதில் காயமடைந்த சிங்களச் சாரதி ஒருவர் உயிரிழந்தார். அதைச் சாட்டாக வைத்து திகன தொடங்கி அக்குறணை, கட்டுகஸ்தோட்டை வரை வெறுப்புத் தீ பரவியது. நூற்றுக்கணக்கான வீடுகளும் கடைகளும் தாக்கப்பட்டன. எரிந்த வீட்டுக்குள் ஒரு முஸ்லிம் இளைஞர் மரணித்தார். அவசரகாலச் சட்டமும் ஊரடங்கும் பிறப்பிக்கப்பட்டன. காவலுக்கு இராணுவம் வந்தது. ஆயினும் ஊரடங்கு வேளையிலும் கடைகள் எரிந்தன. நம் வீட்டு வாசலுக்கு எந்த நாட்டிலிருந்தும் நீலக் கவசம் வரவில்லை. வந்திருக்கவும் மாட்டாது. பல இடங்களில் முஸ்லிம் குடும்பங்களுக்குக் கதவைத் திறந்து விட்டவர்கள் அடுத்த வீட்டுச் சிங்களப் பெண்களும், சில விகாரைகளின் பிக்குமாரும்தான்.

அந்தக் கதவு அன்றைக்குத் திறந்ததற்கு முன்னைய பல வருடத்துப் பழக்கம் காரணம். பெருநாளைக்கு அனுப்பிய வட்டிலப்பம், சிங்களப் புத்தாண்டுக்குத் திரும்பி வந்த கொக்கிஸ், மழைக்குள் பிள்ளைகளைப் பாடசாலையிலிருந்து சேர்த்துக் கூட்டி வந்தது, மரண வீட்டில் போய் ஒரு மணி நேரம் இருந்தது. இவை சின்ன விஷயங்கள் அல்ல, சகோதரிகளே. பட்டாளம் வருவதற்கு முந்திய அந்த இரண்டு மணி நேரத்தில் நமக்குக் காவல் இவைதான். இந்தப் பழக்கம் நம் ஊர்களில் குறைந்து வருகிறது என்பதே என் கவலை.

ஆகவே நான் உங்களிடம் கேட்பது நான்கு காரியங்கள்.

ஒன்று, உங்கள் வீட்டுக்கு இரு புறமும் உள்ள அயலவரின் பெயரையும் சுகதுக்கத்தையும் அறிந்து வைத்திருங்கள். பெயர் தெரியாதவருக்காக எவரும் கதவு திறக்க மாட்டார்.

இரண்டு, கைத்தொலைபேசியில் வரும் பயமுறுத்தும் செய்தியை உறுதி செய்யாமல் அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள். 2018இல் தீயை ஊரூராகக் கொண்டு போனது பெரும்பாலும் தொலைபேசிதான். அன்று அரசாங்கம் சமூக ஊடகங்களையே சில நாள் நிறுத்த வேண்டியதாயிற்று.

மூன்று, 1990இல் நடந்ததைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள், முழுதாகச் சொல்லுங்கள். காத்தான்குடியைச் சொல்லும் வாயால் வீரமுனையையும், யாழ்ப்பாண வைத்தியசாலையையும் சொல்லுங்கள். பாதி வரலாறு கேட்டு வளரும் பிள்ளை பழி தீர்க்கும் நாளை எதிர்பார்த்து வளரும்.

நான்கு, உங்கள் ஊர்ப் பள்ளிவாசலில் சமாதானக் குழு, சகவாழ்வுக் குழு என்று ஏதேனும் இருந்தால், அதில் பெண்கள் எத்தனை பேர் என்று உங்கள் கணவரிடமும் தகப்பனாரிடமும் கேளுங்கள். ஒருவரும் இல்லை என்றால் ஏன் என்று கேளுங்கள். கலவரத்தில் முதலில் வீட்டைவிட்டு ஓடுவது நீங்களும் பிள்ளைகளும். அடுத்த வீட்டுப் பெண்ணோடு பேசக் கூடியவர்களும் நீங்கள்தான். உங்களைக் கேட்காமல் ஊர் காக்கும் திட்டம் போடுவது, கிழக்கு முஸ்லிம்களைக் கேட்காமல் கிழக்கைப் பற்றி ஒப்பந்தம் எழுதியது போலத்தான். இரண்டு தடவை வாசலுக்கு வெளியே நின்றவர்கள் என்று உலகத்திடம் முறையிடும் நாம், நம் வீட்டுப் பெண்களை வாசலுக்கு வெளியே நிறுத்தி வைக்கலாமா?

வெளியார் உதவி தேவைப்படும் காலம் இனியும் வரலாம். வந்தால் கேட்க வேண்டியதைத் தெரிந்து வைத்துக் கேட்போம். இவரை எல்லாத் தரப்பும் ஏற்றதா? இவர் காக்க வேண்டியவர்களின் பட்டியலில் மெலிந்தவர்களின் பெயர் இருக்கிறதா? இவர் தவறினால் எங்கே முறையிடுவது? இவர் போகும் நாளில் நமக்கு எதை விட்டுப் போவார்? இந்த நான்குக்கும் விடை கிடைக்காதவரை, மாலை போடுவதற்கு அவசரப்பட வேண்டாம்.

பகை கொண்ட உள்ளங்களை இணைக்க வல்லவன் அல்லாஹ் ஒருவனே. நம் நாட்டின் எல்லா வீடுகளிலும் பிள்ளைகள் அச்சமின்றித் தூங்கும் இரவுகளை அவன் நமக்குத் தந்தருள்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.